ராத்திரி வண்டியின் ஊதல்

கான்செப்சியோன்
மே 9, 2017

எட்கார்தோ,

என் எண்ணை உன் போனில் தடை செய்து வைத்திருக்கிறாய், உன் மனைவி மிர்த்தாவின் போனிலும் அப்படித்தான். ஆகவே தாளும் பேனாவும். நாலு வருஷமாகப் பேசாத அக்கா முதல் கடிதத்தையே ஒரு வேலையாக எழுதுகிறாள் என்று நீ முணுமுணுக்கப்போவது தெரியும். முணுமுணுத்துக்கொள். ஆனால் முழுசும் படித்துவிட்டுக் கிழி.

ரயில் கம்பெனியில் என் வேலை என்னவென்று நம் வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. "அவ ரயில்வேயில மரம் எண்ணுறா" என்று அம்மா சாகிறவரை ஊரெல்லாம் சொன்னாள். மரமும் எண்ணுகிறேன். டீசல் ஆற்றில் சிந்தினால் பதில் சொல்கிறேன். ராத்திரி வண்டி ஓட்ட சுற்றுச்சூழல் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, அந்த அனுமதியின் நிபந்தனைகளைக் கம்பெனி மீறாமல் பார்த்துக்கொள்கிறேன். அந்த நிபந்தனைகளில் ஒன்று சத்தம். வீடுகளுக்குப் பக்கத்தில் ராத்திரி இவ்வளவுக்கு மேல் சத்தம் கூடாது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் புதிதாக வந்த லோஸ் அரோமோஸ் குடியிருப்பிலிருந்து யஸ்னா என்ற பெண் புகார் கொடுத்திருக்கிறாள். அலுவலகத்தார் அவள் கொல்லையில் ஒலிவாங்கி வைத்து அளந்தார்கள். வண்டி ஓடும் சத்தம் எல்லைக்குள் இருக்கிறது. ஊதல்தான் மீறுகிறது. லெவல் கிராசிங்கே இல்லாத இடத்தில் எல்லா டிரைவர்களும் ஊதுகிறார்கள். எந்த இடம் என்று உனக்குச் சொல்ல வேண்டாம்.

டிரைவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். கடைசியில் தோன் எரிபெர்த்தோ பேசினார். உன் மகன் அடிபட்ட அன்றைக்கு வண்டி ஓட்டியவர் அவர்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"அது பையனுக்குச் சொல்ற வணக்கம்மா. அவன் அங்கதானே நிக்கிறான், கண்டுக்காமப் போக முடியுமா? நான்தான் ஆரம்பிச்சேன், அப்புறம் எல்லாரும் ஊத ஆரம்பிச்சுட்டாங்க. ஆபீஸ் சொல்லி இதை நிறுத்த மாட்டோம். அவங்கப்பா வேண்டாம்னா நிறுத்துறோம்."

நான் அவர்களைத் திட்டவில்லை. உடம்பு கல்லறையில், ஆவி விழுந்த இடத்தில் என்று கேட்டு வளர்ந்தவள்தான் நானும். உன் மகன் ரமிரோ விழுந்த இடத்தில் அவன் ஆவிக்கென்று நீ கட்டியிருக்கும் அந்த முழங்கால் உயரச் சின்ன வீட்டை, அனிமித்தாவை, கடக்கும்போது எனக்கும் கை தானாகச் சிலுவை போடுகிறது.

ஆனால் அலுவலகத்துக்கு இதை எப்படி எழுதுவது? ஊதல் நிற்காவிட்டால் ராத்திரி வண்டிக்கான அனுமதியை ரத்து செய்வார்கள். ராத்திரி வண்டி இல்லாவிட்டால் அந்தக் கிளைப் பாதையையே கம்பெனி மூடிவிடும். நீ வேலை செய்யும் மரமில்லின் பலகையெல்லாம் அதில்தான் போகிறது.

எரிபெர்த்தோவிடம் ஒரு வார்த்தை சொல். உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நெலிதா

*

புவென்தே மாக்கி
மே 21

மதிப்பிற்குரிய சுற்றுச்சூழல் அனுமதிப் பிரிவுத் தலைவி நெலிதா அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் வெட்கம் என்ற சொல்லைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். உங்கள் கம்பெனியில் அதற்கு அனுமதி எப்போது கொடுத்தார்கள்?

உன் கம்பெனி என் மகனைப் பற்றி எழுதிய அறிக்கையின் முதல் வரி எனக்கு மனப்பாடம். "ரயில் நிலத்தில் அத்துமீறி நுழைந்த ஆண், வயது பத்தொன்பது." அத்துமீறினானாம். நீயும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போன வழி அது. மில்லுக்கு, பஸ்ஸுக்கு, தேவாலயத்துக்கு, எதற்குப் போனாலும் ஊரே அந்த இடத்தில்தான் தண்டவாளத்தைத் தாண்டுகிறது. வேறு வழி ஏது? பாலத்தைச் சுற்றிப் போனால் பாதி நாள் போய்விடும். அன்றைக்கு மூடுபனி. வண்டி ஊதவில்லை. கிராசிங் இல்லாத இடத்தில் ஊதத் தேவையில்லை என்று உங்கள் வக்கீல் சொன்னான். அந்த அறிக்கை எழுதப்பட்ட கட்டடத்தில்தான் நீயும் உட்கார்ந்திருந்தாய். "அது ஊர் வழி, நானே நடந்திருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நாக்கு எழவில்லை. அடக்கத்துக்குப் பெரிய மலர்வளையத்தோடு மட்டும் வந்தாய்.

இப்போது மிர்த்தாவைப் பற்றிச் சொல்கிறேன், கேள். அவள் அடுப்பங்கரையில் மாத்தே குடித்தபடி ராத்திரி வண்டிக்காக உட்கார்ந்திருப்பாள். மழையானாலும் புயலானாலும் சரி. வண்டி பாலம் தாண்டியதும் இரண்டு தடவை மெதுவாக ஊதும், ஜன்னலுக்கு வெளியே யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. "வந்துட்டான்" என்பாள். பிறகுதான் போய்ப் படுப்பாள். முதல் வருஷம் பைத்தியம் என்று நினைத்தேன். இரண்டாம் வருஷத்திலிருந்து நானும் விழித்திருக்கிறேன். படுக்கையில் புரளுகிற மாதிரி நடித்துக்கொண்டு காது கொடுப்பேன்.

அந்த எரிபெர்த்தோவின் முகத்தில் நான் விழிப்பதே இல்லை. ஆனால் அவன் ஊதுகிற ஊதல் எனக்கு வேண்டும். அவனுக்கும் எனக்கும் இடையில் இருப்பது அது ஒன்றுதான்.

நீ அதை நிறுத்தச் சொல்கிறாய். முடியாது.

எட்கார்தோ

*

கான்செப்சியோன்
ஜூன் 4

எட்கார்தோ,

நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட என்னால் மறுக்க முடியாது. ஆகவே அதைப் பற்றி எழுதவில்லை.

போன வாரம் யஸ்னாவைப் பார்க்கப் போனேன். பிடாரியாக இருப்பாள், நன்றாக நாலு கேட்கலாம் என்று தயாராகத்தான் போனேன். சின்னப் பெண். புருஷன் வடக்கே சுரங்கத்தில் வேலை. மழையில் வந்தவளை உட்காரவைத்து சோப்பாயிப்பியா பொரித்துக் கொடுத்தாள். சத்தத்துக்காகத்தான் புகார் கொடுத்தாயா என்று கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சத்தம் பெரிசில்லம்மா. அது யாரையோ கூப்பிடுது. நான் தனியா படுத்திருக்கேன். கூப்பிட்டதுக்கு யாராவது பதில் சொல்லிருவாங்களோன்னு தலைகாணியைக் காதுல வெச்சு அழுத்திக்கிறேன். இதையெல்லாம் மனுவில எழுத முடியுமா? அதான் சத்தம்னு எழுதினேன்."

அவளிடம் என்னால் கோபப்பட முடியவில்லை.

கம்பெனியை ஒரு தடுப்புச் சுவர் கட்டச் சொல்லிப் பார்த்தேன். சுவர் சக்கரச் சத்தத்தைத் தடுக்கும், ஊதலைத் தடுக்காது. ஜூலை முடிவதற்குள் அலுவலகத்தார் பதில் கேட்கிறார்கள். நீ சொன்னால்தான் ஊதல் நிற்கும், பாதை தப்பும் என்று மில் முதலாளிக்கும் கம்பெனி எழுதிவிட்டது. அதை நான் தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. உன்னை அங்கே என்ன பாடு படுத்துவார்களோ.

இனி நான் கேட்க மாட்டேன். நீ முடிவு செய்.

நெலிதா

*

புவென்தே மாக்கி
ஜூன் 23

நெலிதா,

வேலை முடிந்தது. உன் அலுவலகத்துக்குச் சொல்லிவிடு.

மில்லில் பத்து நாளாக யாரும் என்னோடு பேசவில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்தால் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்கள். கடைசியில் மேஸ்திரி வந்தான். "எட்கார்தோ, செத்தவனுக்கு ஊதி, உசிரோட இருக்கிறவன் சோத்துல மண்ணைப் போடணுமா?" என்று கேட்டான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் பின்னால் நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எரிபெர்த்தோ வீட்டுக்கு ஒரு குடுவை ஒயினோடு போனேன். கதவைத் திறந்தவன் நான் அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, அடியை வாங்கிக்கொள்கிற மாதிரி அப்படியே நின்றான். "இனி ஊதாதீங்க" என்றேன். "நிச்சயமாவா?" என்றான். "நிச்சயமா." அவன் அழ ஆரம்பித்துவிட்டான். ஒயினை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவன் அழுவதைத் தாங்கும் கடமை எனக்கு இல்லை.

மிர்த்தாவிடம் சொல்லவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

எ.

*

புவென்தே மாக்கி
ஜூலை 16

அக்கா,

எழுதாதே என்று சொன்னவன் நான்தான். இப்போது நானே எழுதுகிறேன். சிரித்துக்கொள்.

ஊதல் நின்ற முதல் ராத்திரி, வண்டி பாலம் தாண்டி வந்து, பேசாமல் போனது. மிர்த்தா மாத்தேயைக் கீழே வைத்தாள். "ஏன் இன்னிக்கு அவன் வரல?" என்றாள். டிரைவர் புதுசாக இருக்கும் என்றேன். அடுத்த நாளும் டிரைவர் புதுசு. அதற்கடுத்த நாள் அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கேட்கவே இல்லை.

அவன் வருவது நின்றுவிட்டது, ஆகவே போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். நான் கண் அசந்ததும் கிளம்பிவிடுகிறாள். முதலில் அனிமித்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு. பிறகு தண்டவாளத்துக்கு நடுவில் நிற்க ஆரம்பித்தாள். "இங்க நின்னாத்தான் கேக்குது" என்கிறாள். என்ன கேட்கிறது என்று கேட்டேன். "அவன் வழி தெரியாம நிக்கிறான். முன்னெல்லாம் வண்டி சொல்லிக் கொடுத்துச்சு."

நேற்று நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் அவள் வெள்ளைச் சால்வை தெரிந்தது. எரிபெர்த்தோதான் ஓட்டினான். கண்டபடி ஊதிக்கொண்டே பிரேக் போட்டான். ஜல்லியில் தீப்பொறி பறந்தது. நான் அவளை இழுத்துப்போட்டேன். வண்டி நின்றதும் இறங்க வந்தவன் எஞ்சின் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "இன்னொரு தடவை என்னால முடியாது எட்கார்தோ. என்னால முடியாது" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மிர்த்தா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். ஊதல் கேட்டுவிட்டதாம்.

கதவைப் பூட்டினால் ஜன்னல் வழியாகப் போகிறாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைத் துப்பிவிடுகிறாள்.

நான் தோற்றுவிட்டேன் அக்கா. நீ படித்தவள், உனக்குச் சட்டம் தெரியும். அந்த ஊதலைத் திரும்பக் கொடுக்க ஏதாவது வழி இருந்தால் செய். இல்லாவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு சின்ன வீடு கட்ட வேண்டியிருக்கும்.

எட்கார்தோ

*

கான்செப்சியோன்
ஜூலை 25

தம்பி,

கடிதம் வந்த அன்றே பஸ் ஏறி வந்தேன். உன் வீட்டுக்கு வரத் தைரியமில்லை. விடியற்காலையிலிருந்து வழிக்குப் பக்கத்தில், மழையில் குடையோடு நின்றேன். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், மில்காரர்கள், கோழி தூக்கிப் போகிற கிழவர், அனிமித்தாவுக்குப் பூ வைக்க எங்கிருந்தோ வந்த ஒரு ஜோடி எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டினார்கள். குடியிருப்பு ஆட்களும் தாண்டுகிறார்கள். யஸ்னா ரொட்டி வாங்கிக்கொண்டு தாண்டினாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

வழி இருக்கிறது. மக்கள் வழக்கமாகத் தாண்டுகிற இடத்தை நடை கிராசிங் என்று அனுமதியில் சேர்த்துவிட்டால், வண்டி அங்கே ஊதியே ஆக வேண்டும். எச்சரிக்கை ஊதலுக்குச் சத்த வரம்பு பொருந்தாது. யஸ்னாவின் புகாரும் அதோடு முடிந்துவிடும். பாதை மூடப்படாது, மில் ஓடும். நானே மனு எழுதலாம்.

அந்த மனுவில் ஒரு கேள்வி உண்டு. மக்கள் எப்போதிலிருந்து இந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்கள்? எங்கள் சட்டப்பிரிவுத் தலைவர் தோன் இவான் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நெலிதா, குடியிருப்பு வந்ததுக்கு அப்புறம் உண்டான வழின்னு எழுதுங்க. ரெண்டு வருஷம். அவ்வளவுதான். ஊதல் வரும், உங்க தம்பி பொண்டாட்டிக்கும் நல்லது. பழசை எழுதினா அந்தப் பையனோட பழைய அறிக்கை தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அப்புறம் இந்தக் கட்டடத்துல யார் யாரை எங்க வைக்கிறதுன்னு எனக்கே தெரியாது."

அவர் மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டம். அவர் சொன்னபடி எழுதினால் ஒரே வாரத்தில் ஊதல் வந்துவிடும். உண்மையை எழுதினால் கம்பெனிக்குள்ளேயே இழுபறி, எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாது. அதற்குள் மிர்த்தாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நான் எதை எழுதட்டும் தம்பி? ரமிரோ உன் மகன். நீ சொல்வதை எழுதுகிறேன்.

நெலிதா

*

புவென்தே மாக்கி
ஜூலை 28

அக்கா,

ரெண்டு வருஷம் என்றே எழுது.

நாலு வருஷமாக நான் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்த விஷயம் அது. ரமிரோ அத்துமீறியவன் இல்லை என்று அந்தக் கம்பெனி வாயால் சொல்ல வேண்டும் என்று ஜெபத்தில்கூடக் கேட்டேன். இப்போது எனக்கு அது வேண்டாம். மகனோ போய்விட்டான், அவனை என்ன சொன்னால் என்ன. மிர்த்தா உயிரோடு இருக்க வேண்டும்.

மில்லில் எனக்கு ராத்திரி முறை போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் இடுப்பையும் என் இடுப்பையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு படுக்கிறோம். அவள் சிரிக்கிறாள், கல்யாண நாள் மாதிரி இருக்கிறது என்று.

பொய்யையே எழுது. சீக்கிரம் எழுது.

எட்கார்தோ

*

கான்செப்சியோன்
ஆகஸ்ட் 7

தம்பி,

நீ சொன்னதைச் செய்யவில்லை. செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீறியிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ரெண்டு வருஷம் என்று எழுதி, அச்செடுத்து, கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்தேன். நாம் இரண்டு பேரும் அந்த இடத்தைத் தாண்டும்போது, என் கையை விடாமல் நீ தண்டவாளத்தில் காது வைத்துப் பார்ப்பாயே, அது நினைவுக்கு வந்துவிட்டது. வண்டி வருகிறதா இல்லையா என்று நீ சொல்லுகிறவரை நான் அசைய மாட்டேன். அந்த வழியே இல்லையென்றால் நாம் எங்கே நடந்தோம்?

"நாற்பது வருடங்களுக்கு மேலாக. மனுதாரரும் அவரது சகோதரரும் பள்ளி வயதில் தினமும் கடந்திருக்கிறார்கள். 2013-இல் மனுதாரரின் சகோதரர் மகன் ரமிரோ இதே வழியில் கடக்கும்போது இறந்தார்." இப்படி எழுதி, கம்பெனியின் உள் வரிசையில் நிறுத்தாமல், நேராகச் சுற்றுச்சூழல் அலுவலகத்து வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். இழுபறிக்கு இடமே வைக்கவில்லை. யஸ்னாவும் ஒரு கையெழுத்துப் போட்டாள். "எச்சரிக்கைன்னு தெரிஞ்சா எனக்குப் பயமில்லம்மா" என்றாள்.

அவசர உத்தரவாகப் போட்டுவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஊதல் பலகை நடுவார்கள். அதைப் பார்த்ததிலிருந்து வழியைத் தாண்டும்வரை டிரைவர் விட்டுவிட்டு ஊத வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள்.

தோன் இவான் என்னைத் திட்டவில்லை. பொருள்களை எடுத்துப்போக ஒரு அட்டைப்பெட்டி அனுப்பினார். செடியும் கோப்பையும் அதில் அடங்கிவிட்டன. இருபது வருஷ வேலை.

நாலு வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டியது. உனக்குக் கோபம் வந்தால் நியாயம்தான்.

நெலிதா

*

புவென்தே மாக்கி
செப்டம்பர் 3

அக்கா,

பலகை வந்துவிட்டது. ஊரே போய்ப் பார்த்தது. மேஸ்திரி என் தோளில் கை வைத்துவிட்டுப் போனான்.

முதல் ராத்திரி மிர்த்தாவை ஜன்னலோரம் உட்காரவைத்து, கயிற்றை அவிழ்த்துவிட்டேன். இன்றைக்கு வருவான் என்றேன். மாத்தேயைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி காத்திருந்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பழைய மாதிரி இரண்டு தடவை மெதுவாக இல்லை. நீளமாக, உரக்க, நிறுத்தி, மறுபடி நீளமாக. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பள்ளத்தாக்கு முழுக்க நாய்கள் குரைத்தன. வண்டி எங்களைக் கடந்து போகிறவரை விடவில்லை.

மிர்த்தா கோப்பையைப் பிடித்தபடியே இருந்தாள்.

"இது அவனைக் கூப்பிடல" என்றாள்.

"இல்ல."

"தள்ளிப் போங்க, தள்ளிப் போங்கன்னு சொல்லுது."

"ஆமா."

ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள். "இவ்வளவு தூரத்துலேர்ந்தே கேக்குதே எட்கார்தோ. மூடுபனியிலயும் கேக்கும்தானே?"

அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கி வைத்தேன்.

"அன்னிக்கு இப்படி ஊதியிருந்தா நின்னிருப்பான். அவன் சொன்ன பேச்சு கேக்கிற பிள்ளை."

அப்புறம் அழுதாள். அடக்கத்தின்போதுகூட அவள் அழவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். விடிகிறவரை அழுதாள். அதற்கப்புறம் தண்டவாளத்துப் பக்கம் போகவில்லை. வண்டிக்காகக் காத்திருப்பதும் இல்லை. நேரத்தோடு படுத்துத் தூங்குகிறாள். பகலில் போய்ப் பூ மாற்றிவிட்டு வருகிறாள். "வந்துட்டான்" என்று இப்போது சொல்வதே இல்லை.

நீ செய்தது சரி. என் பேச்சைக் கேட்காமல் செய்ததும் சரி. உன் வேலை போனதற்கு நான் என்ன சொல்ல? இங்கே அறை இருக்கிறது.

ஆனால் அக்கா, இப்போது தூங்காதவன் நான். அந்தக் கம்பெனி தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நாலு வருஷம் கேட்டேன். இப்போது ஒவ்வொரு ராத்திரியும் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒத்துக்கொண்டே வருகிறது. இவ்வளவு சின்ன விஷயம்தானா, ஒரு பலகையும் ஒரு கை அழுத்தமுமா என் பிள்ளை என்று நினைத்தபடி கிடக்கிறேன். முன்பு ஊதியபோது அவன் பக்கத்தில் இருந்தான். இப்போது ஊதும்போது அவன் செத்துப்போகிறான், தினமும்.

நீ வா. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக வீட்டுக்கு வா, வழியில் நிற்காதே. ராத்திரி வண்டி போகிறவரை என்னோடு உட்கார்ந்திரு. அதைத் தனியாகக் கேட்க என்னால் முடியவில்லை.

எட்கார்தோ